ரேணுகாம்பாள் விட்டுக்கொடுக்காத எட்டுக் கட்டம்

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் இட்லிக் கடை போட்டிருக்கும் ரேணுகாம்பாளுக்குச் சந்தேகம் பிறவிக் குணம் இல்லை, சம்பாதித்த குணம். சம்பாதித்ததை அவள் நன்றாகவே வளர்த்து வைத்திருந்தாள். பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலில் விரலை விட்டுப் பார்ப்பாள். தண்ணீர் கலந்திருந்தால் திட்டுவாள். கலக்காமல் இருந்தால், "இன்னிக்கு ஏன் கலக்கலை? இன்னா காரியம் ஆவணும் இந்த ஆளுக்கு?" என்று நாள் முழுக்க யோசிப்பாள். டிவியில் மழை வரும் என்றால் வடகம் காயப்போடுவாள். ஒருமுறை அவள் தட்டிலிருந்து வடையைப் பறித்துக்கொண்டு மரத்தில் ஏறிய குரங்கு, அவள் பார்த்த பார்வையில் இறங்கி வந்து வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் போனது என்று சொல்வார்கள். திரும்பி வந்த வடையில் ஒரு கடி குறைகிறது என்று அவள் குரங்கைத் துரத்திக்கொண்டு மலையடிவாரம் வரைக்கும் போனாள் என்றும் சொல்வார்கள். இதில் இரண்டாவது பாதியை மட்டும் நம்பலாம்.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் செய்கிற குடும்பம் அவளுடையது. புருஷன் போன பிறகு திருவண்ணாமலைக்கு வந்து கடை போட்டாள். முதல் கடை செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு அப்பால் ஒரு வேப்பமரத்தடியில். பைப் புதைக்கணும், மூணே நாள், பாத்திரத்தை எடுத்துக்கோம்மா என்று யாரோ சொன்னார்கள். நம்பி எடுத்துக்கொண்டாள். நாலாம் நாள் போனால் மரத்தைச் சுற்றிக் கம்பி வேலி. வேலிக்குள்ளே மூங்கில் நாற்காலி. அவள் அடுப்பு இருந்த அதே இடத்தில் ஒரு வெள்ளைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு மன அமைதியைத் தேடிக்கொண்டிருந்தார். ரேணுகாம்பாளின் மன அமைதி போனது அன்றைக்குத்தான்.

இரண்டாவது கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். யாரோ பெரிய மனிதர் வருகிறார், மூணே நாள் என்றார்கள். நாலாம் நாள் அந்த இடத்தில் கரும்பு ஜூஸ் மிஷின் சுற்றிக்கொண்டிருந்தது. "நான் பொறந்ததிலேர்ந்தே இங்கதான்மா இருக்கேன்" என்று மிஷின் மேலேயே கையடித்துச் சத்தியம் பண்ணினான் அதன் சொந்தக்காரன்.

மூன்றாவதுதான் இந்த இடம். ராஜமாணிக்கத்தின் பழைய மல்லாட்டை குடோனுடைய நூற்றிருபது அடி நீளச் சுவர். அதில் பன்னிரண்டு அடியை அடைத்துக்கொண்டு ஒரு நீலத் தார்ப்பாய், கீழே அடுப்பு, இரண்டு பெஞ்சு. பையன் ஓசூர்ப் பக்கம் கம்பெனியில் வேலைக்குப் போகிறான், அவன் சம்பளம் அவன் குடும்பத்துக்கே போதவில்லை. இந்தப் பன்னிரண்டு அடியும் கைவிட்டுப் போனால் நாலாவது இடம் தேட அவள் முட்டிக்காலில் தெம்பு கிடையாது. அதனால் மூன்று நாள் என்று யார் சொன்னாலும், அது மூன்று நாள் காய்ச்சலாகவே இருந்தாலும், அவள் நம்புவதில்லை.

புரட்டாசி மாதம் ஒரு திங்கட்கிழமை. காலை வியாபாரம் ஓய்ந்து, ரேணுகாம்பாள் குண்டான் கழுவிக்கொண்டிருந்தாள். ஐந்து பேர் வந்து சுவரை அளக்க ஆரம்பித்தார்கள். ஒருத்தி டேப்பைப் பிடித்தாள், ஒருத்தன் சாக்பீஸ் தூள் பூசிய நூலைச் சுண்டிக் கோடு போட்டான், மற்றவர்கள் நம்பர் எழுதினார்கள். மேலே ஒன்று, அதற்குக் கீழே இரண்டு, அடுத்து மேலே மூன்று என்று இரண்டு வரிசையில் மொத்தம் எண்பது கட்டம்.

சுவரில் டேப் வைத்து அளந்து நம்பர் போட்டால் அடுத்து என்ன நடக்கும் என்று அந்தப் பாதையில் கடை போட்டிருக்கிற எல்லாருக்கும் தெரியும். ரேணுகாம்பாள் குண்டானை அப்படியே போட்டாள். ஈரக்கையோடு எழுந்து போனாள்.

"யாரும்மா நீங்க?"

டேப் பிடித்திருந்த பெண் சிரித்தாள். "அத்தை, நான் மணிமொழி. ஆட்டோ ஓட்டறாரே முருகவேல், அவர் பொண்ணு."

"முருகவேல் பொண்ணு கல்யாணம் கட்டிக்கினு வேலூர் போயிட்டான்னாங்க?"

"அது எங்க அக்கா."

"ரெண்டு பொண்ணுன்னு அந்த ஆளு ஒரு நாளும் சொன்னதில்லையே. ஏன் மறைச்சான்?"

மணிமொழி டேப்பைச் சுருட்டிக்கொண்டே பேச்சை மாற்றினாள். "செவுத்துல படம் வரையப் போறோம் அத்தை. நான் காலேஜ்ல ஓவியந்தான் படிச்சேன். இவங்கல்லாம் என் கூட்டாளிங்க. நம்ம ஊர் ஜனங்களே வரையப் போறாங்க, ஆளுக்கு ஒரு கட்டம்."

"படம் வரையறவங்க கண்ணால பாப்பாங்க. டேப்பால ஏன் பாக்கறீங்க?"

நூல் சுண்டிக்கொண்டிருந்த இனியன் குறுக்கே வந்தான். ஒட்டடைக்குச்சி மாதிரி உயரமான பையன், எதையும் பொறுமையாக விளக்கப் பார்ப்பான், அதுதான் அவனிடம் குறை. "பெரிய படம்க்கா. அதை எண்பது துண்டா வெட்டி ஆளுக்கு ஒரு சீட்டு குடுத்துடுவோம். சீட்டுல இருக்கற நம்பரைப் பாத்து, அதே நம்பர் கட்டத்துல வரைவாங்க. முழுப்படம் இன்னான்னு வரையறவங்களுக்கே தெரியாது. கடைசியிலதான் தெரியும்."

"வரையறவனுக்கே தெரியாத படமா?" ரேணுகாம்பாள் முந்தானையை இடுப்பில் செருகினாள். "இதுல லாபம் யாருக்கு?"

"யாருக்கும் இல்லக்கா."

அவன் வேறு எந்தப் பதில் சொல்லியிருந்தாலும் அவள் பாதியாவது நம்பியிருப்பாள்.

மணிமொழி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அத்தை, உங்க தார்ப்பாய்க்குப் பின்னாடி எட்டுக் கட்டம் வருது. ஞாயித்துக்கிழமை வரையறோம். கடையை மட்டும் ஒரு மூணே மூணு நாள்..."

அதற்கு மேல் அவள் சொன்னது எதுவும் ரேணுகாம்பாள் காதில் ஏறவில்லை. "முடியாது" என்றாள். உள்ளே போய் அடுப்புக்கு முன்னால் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டாள். கட்டம் போட மட்டும் விட்டாள், என்னதான் எழுதுகிறார்கள் பார்ப்போம் என்று. குண்டானையும் சட்டியையும் தாண்டி இனியன் தவழ்ந்து போய் எழுதினான், ஐம்பத்தேழிலிருந்து அறுபத்துநாலு வரை. வெளியே வரும்போது அவன் கையிலிருந்த தாளை அவள் எட்டிப் பார்த்தாள். எண்பது நம்பரில் எட்டுக்கு மட்டும் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது. ஐம்பத்தேழிலிருந்து அறுபத்துநாலு.

சுவரின் மறுகோடியில் வேணுவின் டீக்கடை. கடை என்றால் தள்ளுவண்டிதான், இழுத்த இடத்துக்கு வரும். அவன் பதினாறு வருஷமாக அவளுக்குப் பக்கத்துக் கடைக்காரன், பதினாறு வருஷமும் அவள் இட்லியில் கை வைத்ததில்லை, அவள் அவன் டீயை வாயில் வைத்ததில்லை. ஆனாலும் ஆபத்து என்று வந்தால் அவனிடம்தான் பேச முடியும்.

"வேணு, உன் பின்னாடி இன்னா நம்பர்?"

"ஒம்பதுலேர்ந்து பதினாறு."

"வட்டம் இருக்கா?"

"இல்லியே."

"எனக்கு இருக்குது."

வேணு டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தான். "எனக்கு இன்னா தோணுதுன்னா, எவனோ வெளியூர்க்காரன் குடோனை வாங்கிட்டான். ஓட்டல் வரப்போவுது. செவுத்துல படம் இருந்தாத்தான் வெள்ளைக்காரங்க காபி குடிப்பாங்க."

டீ குடித்துக்கொண்டிருந்தவர் ஒருத்தர், எலெக்ஷனுக்கு எந்தக் கட்சியோ சுவரைப் பிடித்து வைக்கிறது, படம் என்று சொல்லி இடம் போட்டுவிட்டுக் கடைசியில் சின்னத்தை வரைந்துவிடுவார்கள் என்றார். சினிமா ஷூட்டிங் என்றார் இன்னொருத்தர். பூ கட்டுகிற காசியம்மாள், அது படமே இல்லை, மலைக்கு அடியில் ஏதோ கிடைத்திருக்கிறது, அதற்குத்தான் அளக்கிறார்கள் என்றாள். என்ன கிடைத்தது என்று கேட்டதற்கு, "அதைச் சொன்னா உங்களையும் அளந்துடுவாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

ரேணுகாம்பாள் நேரே ராஜமாணிக்கத்திடம் போய்க் கேட்டாள். "பசங்க ஆசைப்பட்டாங்க, குடுத்தேன்" என்றார் அவர். காலண்டர் மாட்ட ஒரு ஆணி அடிக்கப் பதினாறு வருஷமாக விடாத மனுஷன், நூற்றிருபது அடிச் சுவரையும் சும்மா தூக்கிக் கொடுத்திருக்கிறார். அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் தீர்ந்தது. கடை போகப்போவது உறுதி.

மறுநாள் விடிகிற நேரத்தில் சட்டி கழுவிய தண்ணீரை ஒரே வீச்சாகச் சுவரில் வீசினாள். நம்பர் போனது. பகலில் பசங்கள் வந்து, "பனி ஜாஸ்தி போல" என்று சொல்லி மறுபடி எழுதினார்கள். புதன்கிழமையும் பனி ஜாஸ்தியாக இருந்தது. வியாழக்கிழமை இனியன் சுவரை மோந்து பார்த்து, "பனியில சாம்பார் வாசனை வருது" என்றான். அதற்கப்புறம் ரேணுகாம்பாள் தண்ணீர் வீசுவதை நிறுத்தினாள். அழித்தால் எழுதிவிடுகிறார்கள். அழிக்கக்கூடாது, மாற்ற வேண்டும் என்று அவளுக்குப் புத்தி வேலை செய்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை நாலரை மணி. அடுப்பை மூட்டி, முதல் ஈடு இட்லி வேகும் நேரத்தில் ஈரத்துணியும் கரைத்த அரிசி மாவும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வேணு வண்டிக்குப் பின்னால் இருந்த ஒன்பது முதல் பதினாறைத் துடைத்தாள். அந்த எட்டுக் கட்டத்தில் ஐம்பத்தேழு முதல் அறுபத்துநாலு வரை எழுதினாள். தன் கடைக்கு வந்து சிவப்பு வட்டக்காரர்களைத் துடைத்துவிட்டு ஒன்பது முதல் பதினாறு வரை எழுதினாள். விரலால் எழுதிய நம்பர் ஈரம் காய்ந்ததும் சாக்பீஸ் மாதிரியே இருந்தது. இனி இடிக்க வருகிறவன் வேணு பக்கம் போவான். அவளுக்கு மனசு கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. அவன் வண்டியில் சக்கரம் இருக்குது, எங்க வேணா தள்ளிக்கினு போவான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு இட்லித் தட்டைத் திறந்தாள்.

ஒன்பது மணிக்கு இடிக்கிறவன் வரவில்லை. சனம் வந்தது. ஆட்டோக்காரர்கள், காசியம்மாள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள், எல்லார் கையிலும் ஒரு சீட்டு. வேணு வண்டியை எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டான். அவரவர் தன் நம்பரைத் தேடிப் பிடித்து உட்கார்ந்து வரைய ஆரம்பித்தார்கள். ஐம்பத்தேழு முதல் அறுபத்துநாலு வரை சீட்டு வைத்திருந்த எட்டுப் பேரும் வேணு இடத்தில் நம்பரைக் கண்டு சந்தோஷமாக உட்கார்ந்தார்கள். ஒன்பது முதல் பதினாறு வரை வைத்திருந்தவர்கள் இட்லிக் கடைக்குள் எட்டிப் பார்த்தார்கள். அங்கே ரேணுகாம்பாள் கரண்டியோடு நின்றாள். அவர்கள் இனியனிடம் ஓடினார்கள்.

"தம்பி, எங்க நம்பரு இட்லிக் கடைக்குள்ள இருக்குதுப்பா."

இரண்டு கையிலும் பெயிண்ட் வாளியோடு போய்க்கொண்டிருந்த இனியன் சீட்டைப் பார்க்கவே இல்லை. எட்டுப் பேர் இப்படி வந்து சொல்லப் போகிறார்கள் என்று அவனுக்கு ஒரு வாரமாகத் தெரியும். "தெரியுங்க, அது அப்புறம் பாத்துக்கலாம். நீங்க வாங்க, பெயிண்ட் கலக்க ஆள் கம்மியா இருக்குது" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

பக்கத்தில் இருந்து பார்த்தால் எல்லாம் வெறும் கோடும் வண்ணமும்தான். நாலு மணிக்கு எல்லாரும் எழுந்து, சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தார்கள்.

அது கிரிவலம் போகிற ஊரின் படம். நடுவில் மலை, மலையைச் சுற்றிப் பூக்காரி, பலூன்காரர், துணிப்பை மாட்டிய வெள்ளைக்காரி, செருப்பில்லாத கால்கள். ஒரு கோடியில் ஒரு பெரிய ஆட்டோ, இன்னொரு பக்கம் ஒரு பெரிய வெள்ளை மாடு. ஆட்டோவின் பின்பாதி பிரமாதமாக வந்திருந்தது. முன்பாதி இருக்க வேண்டிய இடத்தில் மாட்டின் பின்பக்கம் இருந்தது. ஹேண்டில் பார் வர வேண்டிய இடத்தில் வால். அந்த வால் நீளமாகத் தொங்கி, வேணு பாய்லர் வைக்கிற இடத்துக்கு நேர் மேலே வந்து நின்றது.

எல்லாரும் ஒரு தடவை வாலைப் பார்த்தார்கள், ஒரு தடவை முருகவேலைப் பார்த்தார்கள்.

"முருகவேலு, உன் வண்டிக்கு எஃப்சி குடுப்பாங்களா இனிமே?" என்று ஒரு ஆட்டோக்காரர் கேட்டார். அப்போது ஆரம்பித்த சிரிப்பு கீழ்பென்னாத்தூர் வரைக்கும் கேட்டிருக்கும். மாடு வரைந்த எட்டுப் பேர் மட்டும் சிரிக்கவில்லை. நாங்கள் சீட்டில் இருந்ததைத்தான் வரைந்தோம் என்று தாளை ஆட்டினார்கள். மாட்டின் முன்பாதி தன் இடத்தில் கம்பீரமாக நடந்து வந்தது. அதன் இடுப்புக்குப் பின்னால் ரேணுகாம்பாளின் நீலத் தார்ப்பாய்தான் இருந்தது.

மணிமொழி சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. ஆறு மாதம் யோசித்து வரைந்த படம். ஒவ்வொரு வீடாகப் போய் ஆள் சேர்த்த படம். இனியனைப் பார்த்தாள். "நம்பர் எப்படி மாறிச்சு?" என்று கேட்டாள். அவன் சத்தியம் பண்ணினான். இப்போது சந்தேகம் ஊருக்கே தொற்றிக்கொண்டது. வேணு ராஜமாணிக்கத்தைப் பார்த்தான். ராஜமாணிக்கம் காசியம்மாளைப் பார்த்தார். காசியம்மாள் மலையைப் பார்த்தாள். ரேணுகாம்பாள் யாரையும் பார்க்காமல் சட்னிக்குத் தேங்காய் துருவினாள்.

சாயங்காலம் கூட்டம் கலைந்ததும் மணிமொழி இட்லிக் கடைக்கு வந்து உட்கார்ந்தாள். "ரெண்டு இட்லி அத்தை." தட்டு வந்தது. முதல் வாய் எடுத்து வைத்தவள் பார்வை பின்சுவருக்குப் போனது. அங்கே எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. சும்மா ஊரவில்லை. ஒன்பது வடிவத்தில் ஒரு கூட்டம், பத்து வடிவத்தில் ஒரு கூட்டம், பதினாறு வரைக்கும் அச்சடித்த மாதிரி ஊர்ந்தது. சாக்பீஸை எறும்பு தின்னாது. அரிசி மாவைத் தின்னும்.

மணிமொழி கையில் எடுத்த இட்லியை மெதுவாகத் தட்டில் வைத்தாள். "ஏன் அத்தை?"

ரேணுகாம்பாள் பொய் சொல்ல வாயைத் திறந்தாள். எறும்புகளைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "சிவப்பு வட்டம் எதுக்குப் போட்ட?"

"நீங்க நகர மாட்டீங்க, இந்த எட்டுக் கட்டத்தை இன்னா பண்றதுன்னு நாங்க ராவெல்லாம் யோசிச்சோம். அதுக்குத்தான் வட்டம்."

"நம்பச் சொல்றியா?"

"வேணாம். நம்பாதீங்க." மணிமொழி தட்டைத் தள்ளி வைத்தாள். "ஆனா எங்க படத்தைக் கெடுத்துட்டீங்களே அத்தை. உங்களுக்கு நாங்க இன்னா பண்ணோம்?"

ரேணுகாம்பாள் அடுப்பில் விறகைத் தள்ளினாள். அப்புறம் வேப்பமரத்தைச் சொன்னாள். மூங்கில் நாற்காலியைச் சொன்னாள். ஜூஸ் மிஷின் மேல் அடித்த சத்தியத்தைச் சொன்னாள். "ரெண்டு வாட்டியும் மூணு நாளுன்னுதான்டி சொன்னாங்க. நீயும் அதையேதான் சொன்ன. நாலு நாளுன்னாச்சும் சொல்லியிருக்கக் கூடாதா?"

மணிமொழி முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். வெளியே போனவள் நாலு டப்பா பெயிண்டும் மூணு பிரஷும் கொண்டுவந்து பெஞ்சு மேல் வைத்தாள்.

"நீங்க நகர வேணாம். தார்ப்பாயை அவுக்க வேணாம். இந்த எட்டுக் கட்டமும் உங்களுது. இன்னா வேணா வரைங்க. நாங்க யாரும் உள்ள வரமாட்டோம், எட்டிக்கூடப் பாக்க மாட்டோம்."

"இதுக்கு எங்கயாச்சும் கையெழுத்து போடணுமா?"

"வேணாம்."

"ஆதார் கார்டு ஜெராக்ஸ்?"

"வேணாம் அத்தை."

"அப்ப இதுல என்னமோ இருக்குது" என்று சொல்லிவிட்டு, ரேணுகாம்பாள் டப்பாக்களை எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். கூலியில்லாமல் எறும்புகளைத் துடைத்துக் கொடுத்துவிட்டுத்தான் மணிமொழி போனாள். யாரிடமும் அவள் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து பின்சுவருக்கு முன்னால் ஒரு பழைய சுங்குடிப் புடவை திரையாகத் தொங்கியது. மத்தியானம் மாவு அரைத்து முடித்ததும் ரேணுகாம்பாள் திரைக்குப் பின்னால் போய்விடுவாள். பிரஷ் உரசும் சத்தம் கேட்கும். நடுநடுவே, "ஏய், ஒழுங்கா நில்லு" என்று யாரையோ மிரட்டும் சத்தமும் கேட்கும். வெளியே வரும்போது மூக்கில் நீலம் இருக்கும்.

இதுவரை ஊரை அவள் சந்தேகப்பட்டாள், இப்போது ஊர் அவளைச் சந்தேகப்பட்டது. கவனமாகப் பார்த்தால் அது அவளுக்குப் பிடித்திருந்தது தெரியும். வேணு பதினாறு வருஷத்தில் முதல் முறையாக இட்லி சாப்பிட வந்தான். சாப்பிட்டுக்கொண்டே கழுத்தைக் கொக்கு மாதிரி நீட்டினான்.

"இட்லி கீழ இருக்குது" என்றாள் ரேணுகாம்பாள்.

"இல்லக்கா, என்னைத்தான் வரையறேன்னு ஒரு பேச்சு அடிபடுது. வாலு வெச்சு."

"உனக்கு எதுக்குத் தனியா வாலு? ஏற்கெனவே பாய்லர் மேல ஒண்ணு தொங்குதே."

"அந்த நம்பரை மாத்தினது யாருன்னு எனக்குத் தெரியும்க்கா" என்றான் வேணு, இட்லியைப் பார்த்துக்கொண்டே. அவனுக்குத் தெரியுமா, தூண்டில் போடுகிறானா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினாள். அன்றிலிருந்து தினமும் ஊற்றுகிறாள். தினமும் அவன் அந்த ஒரே வரியைச் சொல்லுகிறான்.

மாட்டு ஆட்டோவை அழித்துவிட்டு வரைகிறேன் என்று மணிமொழி ஏணி வைத்தபோது ஆட்டோக்காரர்கள் ஏணியைப் பிடுங்கிக்கொண்டார்கள். பௌர்ணமிக்கு வந்த வெளியூர்க்காரர்கள் அதற்கு முன்னால் நின்று போட்டோ எடுத்து, திரும்பிப் போக அந்த ஆட்டோக்காரர்களின் வண்டியில்தான் ஏறினார்கள். மாட்டின் வாலைத் தொட்டுவிட்டு ஏறினால் மீட்டருக்கு மேல் கேட்க மாட்டார்கள் என்று ஒரு பேச்சைக் காசியம்மாள் கிளப்பிவிட்டாள். அது மட்டும் பலிக்கவில்லை.

கார்த்திகை பிறந்தது. தீபத்துக்குக் கூட்டம் லட்சக்கணக்கில் வரும், பாதையில் நடக்க இடம் வேண்டும், பத்து நாளைக்கு ஓரக்கடை எல்லாம் எடுக்க வேண்டும் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். வருஷா வருஷம் சொல்வதுதான். வருஷா வருஷம் ரேணுகாம்பாள் சண்டை போட்டு, பாத்திரத்தை மட்டும் உள்ளே ஒதுக்கி, பத்து நாளும் தார்ப்பாய்க்கு அடியிலேயே படுத்துக் காவல் இருப்பாள். இந்த வருஷமும் சண்டை பார்க்க ஒரு கூட்டம் டீ கிளாஸோடு காத்திருந்தது. மணிமொழியும் இனியனும்கூட வந்திருந்தார்கள்.

ரேணுகாம்பாள் வெளியே வந்தாள். யாரிடமும் ஒன்றும் பேசவில்லை. தார்ப்பாயின் கயிறுகளைத் தானே ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். சுங்குடித் திரையை இழுத்தாள். தார்ப்பாய் சரிந்து விழுந்தது.

தார்ப்பாய் அங்கேயே இருந்தது.

அதே நீலம். அதே தொய்வு. இடது மூலையில் கிழிந்து, பச்சை நூலால் தைத்த அதே தையல். கீழே அடுப்பு, இட்லிக் குண்டான், ஆவி, இரண்டு பெஞ்சு. நடுவில், கரண்டியை ஓங்கிப் பிடித்தபடி, ரேணுகாம்பாள். மூக்கு கொஞ்சம் ஜாஸ்தி, கை ஒன்று குட்டை. ஆனால் கண் இருக்கிறதே, அந்தக் கண் அவளுடையதேதான். யார் எங்கே நின்றாலும் நேராக அவரையே பார்த்து, "உனக்கு இன்னா வேணும் இங்க?" என்று கேட்டது. மாட்டின் பின்பாதி இல்லாத குறையும் தீர்ந்திருந்தது. முன்பாதி அந்தக் கடைக்குள்ளிருந்துதான் வெளியே வந்துகொண்டிருந்தது, வயிறார இட்லி சாப்பிட்டுவிட்டு வருகிற மாதிரி.

"படுபாவி" என்றான் இனியன், மரியாதையோடு.

மணிமொழி கிட்டப் போய்ப் பார்த்தாள். "யார் அத்தை சொல்லிக் குடுத்தாங்க இதெல்லாம்?"

"பதினாறு வருஷம் காவல் காத்த இடம்டி. தையல் எங்க இருக்குதுன்னு எவன் சொல்லிக் குடுக்கணும்?" ரேணுகாம்பாள் தார்ப்பாயை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "பத்து நாளு. கடையை எடுத்துட்டேன். இதை எவன் எடுக்கறான்னு பாக்கறேன்." பாத்திரங்களை முருகவேல் ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குப் போய்விட்டாள்.

பத்து நாளும் அவள் தூங்கவில்லை என்பது வேறு விஷயம். பதினாறு வருஷத்தில் முதல் முறையாகத் தன் இடத்தை ஆளில்லாமல் விட்டிருந்தாள். வேலி, மூங்கில் நாற்காலி, ஜூஸ் மிஷின் எல்லாம் வரிசையாகக் கனவில் வந்தன. பதினோராம் நாள் விடியற்காலை, அடுப்பைக்கூடத் தூக்காமல், வெறுங்கையோடு ஓடினாள்.

பாதை முழுக்கக் குப்பை. சுவரோரம் பூராவும் ஆட்கள் கடை விரித்த தடம், பலூன் கிழிசல், கரும்புச் சக்கை. அவளுடைய பன்னிரண்டு அடியில் மட்டும் ஒன்றும் இல்லை. கழுவி விட்ட மாதிரி கிடந்தது.

பத்து நாளும் வண்டியை அங்கேயும் இங்கேயும் தள்ளி டீ விற்ற வேணு நடந்ததைச் சொன்னான். அவன் பேச்சில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்க வேண்டும். உருத்திராட்சம் விற்கிறவர் ஒருத்தர் அங்கே துணியை விரித்தாராம். தலை நிமிர்ந்து பார்த்தார், துணியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாராம். பொம்மை விற்க வந்தவன் அந்தக் கண்ணைப் பார்த்து, "தெரியாம வந்துட்டேம்மா" என்று படத்திடமே மன்னிப்புக் கேட்டானாம். சென்னையிலிருந்து நடந்து களைத்து வந்த ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, "ரெண்டு இட்லி, கெட்டிச் சட்னி" என்று சொல்லிக் கால் மணி நேரம் நின்றாராம். கடைசியில், "குடுக்க இஷ்டமில்லைன்னா வாயைத் தொறந்து சொல்லேம்மா, ஏன் மொறைக்கற?" என்று கோபித்துக்கொண்டு போனாராம்.

"நீ அவருக்கு டீ வித்தியா?" என்று கேட்டாள் ரேணுகாம்பாள்.

"ரெண்டு" என்றான் வேணு.

அன்று மத்தியானமே அடுப்பு வந்தது, பெஞ்சு வந்தது. தார்ப்பாயை மட்டும் முன்னைவிட இரண்டடி தள்ளிக் கட்டினாள், பின்னால் இருக்கிறவள் முகம் சாலைக்குத் தெரிகிற மாதிரி. இனி வாங்கிச் சாப்பிடுகிறவர்களை இரண்டு ரேணுகாம்பாள் பார்ப்பார்கள்.

சாயங்காலம் மணிமொழி இட்லிக்கு வந்தபோது ரேணுகாம்பாள் அவளைத் தட்டோடு உட்காரவிடாமல் கையைப் பிடித்து சுவருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். குண்டானுக்கு மேல் வரைந்திருந்த தட்டைக் காட்டினாள்.

"எண்ணு."

மணிமொழி எண்ணினாள். "ஆறு இட்லி."

"நான் ஏழு வரைஞ்சேன்" என்றாள் ரேணுகாம்பாள், குரலைத் தாழ்த்தி. டீ வண்டிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். "வேணு இப்பல்லாம் இட்லி திங்கறான், கவனிச்சியா?"